போர்ட்ரெய்ட் எடுக்கும்போது முகத்தில் இயல்பு வர என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், குடும்பப் படம் என்று ஆட்களைப் படம் எடுப்பதுதான் என் தொழில். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி லென்ஸைப் பற்றி, மீதி முகத்தைப் பற்றி. லென்ஸுக்குப் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் இங்கே பெரும்பாலும் முகத்தைப் பற்றியே பேசுகிறேன்.

"சிரிங்க" என்று சொன்னவுடன் முகம் ஏன் இறுகிப்போகிறது?

உதட்டின் ஓரங்களை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றி இருக்கும் தசை அவ்வளவு எளிதாகக் கேட்பதில்லை. உள்ளே சந்தோஷம் வந்தால் அது தானாகச் சுருங்கும். கியோம் டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து, 1862-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். நீங்கள் "சிரிங்க" என்றதும் வாய் மட்டும் சிரிக்கிறது, கண் உங்களையே பார்த்துக்கொண்டு "இது போதுமா?" என்று கேட்கிறது. படத்தில் விழுவது அந்தக் கேள்விதான்.

நீங்கள் எடுத்த பழைய படம் ஒன்றைத் திறந்து, விரலால் வாயை மறைத்துப் பாருங்கள். கண் மட்டும் தெரியும்போதும் அந்த ஆள் சிரிக்கிறார் என்று தோன்றினால் அது நல்ல படம். படங்களைத் தேர்ந்தெடுக்க நான் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்.

நேரமும் ஒரு காரணம். சிரிப்பு என்பது வரும், உச்சிக்குப் போகும், அடங்கும். சிரித்துக்கொண்டிருப்பவரிடம் "அப்படியே இருங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு ஃபோகஸ் வைத்தால் அதற்குள் சிரிப்பு பழசாகிவிடும். கேமராவில் செய்யவேண்டிய எல்லாவற்றையும் ஆள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வேறு யாரையாவது அந்த இடத்தில் நிற்கவைத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் வந்த பிறகு உங்கள் கவனம் முழுவதும் அவருக்குத்தான்.

அப்படியானால் என்னதான் சொல்வது?

முகத்தைக் கேட்காதீர்கள். ஒரு வேலையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு விஷயத்தைக் கேளுங்கள். முகம் தானாக வரும்.

1950-களில் பிலிப் ஹால்ஸ்மன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன்னிடம் வந்த பிரபலங்களைக் குதிக்கச் சொன்னார். மர்லின் மன்றோ குதித்தார், ரிச்சர்ட் நிக்சன்கூடக் குதித்தார். குதிக்கும்போது ஆளின் கவனம் முழுக்கக் குதிப்பதில் போய்விடும், முகத்தில் போட்டு வைத்திருக்கும் மூடி கழன்றுவிடும் என்பது அவர் கணக்கு. நம் ஊரில் எல்லோரையும் குதிக்கச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு எங்கேயும் பொருந்தும். அக்காவிடம் பூவைக் கட்டச் சொல்லுங்கள். அப்பாவிடம் வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லுங்கள். புதிதாகக் கடை போட்டவரிடம் கல்லாப்பெட்டியைத் திறந்து சில்லறை எண்ணச் சொல்லுங்கள். பழகிய வேலையில் கை இறங்கியதும் தோள் இறங்கும், அதன் பின்னாலேயே முகமும் இளகும்.

கேள்வி கேட்பதாக இருந்தால், "ஆமா", "இல்ல" என்று முடிந்துவிடாத கேள்வியாக இருக்கட்டும். "இந்த வீடு கட்டும்போது யாரெல்லாம் இருந்தீங்க?", "உங்க தம்பி சின்ன வயசுல என்ன சேட்டை பண்ணுவான்?", "முதல் சம்பளத்துல என்ன வாங்கினீங்க?" இந்த மூன்றில் ஒன்று எப்போதும் வேலை செய்யும். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள். வாய் பாதி திறந்து, உதடு கோணிக்கொண்டு நிற்கும். பதிலைச் சொல்லி முடித்த மறுகணம் ஒன்று இருக்கிறது. சொன்னதை நினைத்து அவரே ஒருமுறை உள்ளுக்குள் போய்வருவார். அதற்காகக் காத்திருங்கள்.

கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காமல் கேமரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுவதை மட்டும் கேளுங்கள்.

பழைய படங்களில் எல்லோரும் ஏன் முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்?

1839-இல் பாரிஸில் புகைப்பட முறை முதன்முதலாக உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்டது. தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். அவ்வளவு நேரம் சிரித்த முகத்தோடு யாராலும் இருக்க முடியாது. பிறகு அந்த நேரம் நொடிகளாகக் குறைந்தது, அப்புறம் நொடியின் சிறு பகுதியாகவும் ஆனது. ஆனால் பழக்கம் உடனே மாறவில்லை. படம் எடுப்பது செலவு பிடித்த, வாழ்நாளில் அபூர்வமாக நடக்கிற காரியம். நல்ல புடவை கட்டி, நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்து, நிமிர்ந்து நின்றார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய பெரியவர்களும் இருந்தார்கள்.

அந்த முகங்களைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தன்னை உலகம் எப்படிப் பார்க்கவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களோ அப்படி நின்றிருக்கிறார்கள். அதிலும் ஒரு இயல்பு இருக்கிறது.

எங்கள் பாட்டி கேமராவைப் பார்த்தாலே விறைப்பாகிவிடுவார். எப்படி எடுப்பது?

முதலில் ஏன் என்று பாருங்கள். பல் இல்லாததால் சிரிக்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு. காது சரியாகக் கேட்காததால், நீங்கள் சொல்வது புரியாமல் பதற்றமாக இருப்பவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகள் நாலு பேர் சுற்றி நின்று "பாட்டி, இங்க பாரு, சிரி பாட்டி" என்று கத்தினால் யாருக்கும் முகம் இறுகத்தான் செய்யும். கூட்டத்தை அனுப்பிவிடுங்கள். பாட்டிக்குப் பிடித்த ஒரே ஒரு ஆள் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே எடுங்கள். திண்ணை என்றால் திண்ணை. வெற்றிலை போடுகிறவராக இருந்தால் வெற்றிலைப் பெட்டியான செல்லத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் உங்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வெற்றிலையை எடுப்பார். முந்தானையில் ஒரு துடை. காம்பைக் கிள்ளுவார், நுனியைக் கிள்ளுவார், பின்பக்கத்து நரம்பை நகத்தால் உரிப்பார். ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பைத் தொட்டு இலை நடுவில் இழுக்கும்போது உங்களை மறந்திருப்பார். பாக்கை வைத்து மடித்துக் கன்னத்துக்குள் ஒதுக்கிய பிறகு நிமிர்ந்து, "என்ன இன்னும் இங்கயே நிக்கிற?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அப்போது விரல் பட்டனில் இருக்கவேண்டும். அதில் சிரிப்பு இருக்காது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டி அந்தப் பார்வையில்தான் இருக்கிறார்.

இதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்துபோன பிறகு, சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று என்னிடம் வருபவர்கள் அதிகம். கையில் இருப்பது ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ எடுத்தது, இல்லாவிட்டால் ஏதோ கல்யாணக் கூட்டத்தில் நாலாவது வரிசையில் தலை மட்டும் தெரிவது. அதைப் பெரிதாக்கி, பக்கத்தில் இருப்பவரின் தோளை அழித்து, கலர் திருத்தித் தருவோம். பிள்ளைகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா இப்படி இருக்கமாட்டாங்களே" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். நல்ல நாளில், நல்ல வெளிச்சத்தில், அவர் அவராக இருக்கும்போது எடுத்து வைத்த ஒரு படம் இந்த வருத்தத்தைத் தவிர்க்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

குழந்தைகளை எடுக்க ஏதாவது வழி உண்டா?

தரையில் உட்காருங்கள், தேவைப்பட்டால் படுத்துவிடுங்கள். கேமரா குழந்தையின் கண் உயரத்துக்கு வரவேண்டும். மேலிருந்து எடுத்தால் குழந்தை உங்களை அண்ணாந்து பார்க்கும், நெற்றிதான் பெரிதாகத் தெரியும்.

தூங்கி எழுந்து, பால் குடித்து, வயிறு நிறைந்து இருக்கும் நேரமாகக் கேளுங்கள். ஸ்டுடியோவுக்கு வந்தவுடன் கேமராவை எடுக்காதீர்கள். லென்ஸ் மூடியைக் கொடுத்து விளையாட விடுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்புப் பெட்டிமேல் இருக்கும் பயம் போய்விடும். ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகப் போகவேண்டாம். ஓடுகிற குழந்தை என்றால் 1/500.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா, அத்தை, சித்தி எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கிலுகிலுப்பை ஆட்டினால் குழந்தை யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கும். ஒருவர் போதும். அவர் உங்கள் தோளுக்குப் பின்னால், லென்ஸுக்கு மிக அருகில் தலை வைத்துக் கூப்பிடட்டும். அழுகிற குழந்தையை அதட்டிச் சிரிக்கவைப்பதை நான் அனுமதிப்பதில்லை. அழுதால் அழட்டும், அதுவும் நல்ல படம்தான்.

ஆறேழு வயதுப் பிள்ளைகள் வேறு மாதிரி. போன் கேமராவைப் பார்த்துப் பழகியதால் விரலை வைத்து ஒரு போஸ், நாக்கை நீட்டி ஒரு போஸ் என்று தயாராக வருவார்கள். தடுக்காதீர்கள். அதையெல்லாம் எடுத்து, காட்டி, பாராட்டுங்கள். கைவசம் இருப்பது தீர்ந்த பிறகு வரும் முகம் உங்களுக்கு.

கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள். எப்படி இயல்பாக எடுப்பது?

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் இருவரும் மொத்தமே சில மணி நேரம்தான் பேசியிருப்பார்கள். அவர்களிடம் போய், "கட்டிப் பிடிங்க, நெத்தியோட நெத்தி வைங்க, கண்ணைப் பாருங்க" என்றால், பக்கத்தில் மாமனார் மாமியார் நிற்கும்போது எப்படி முடியும்? முகத்தில் வெட்கம்கூட வராது, அவஸ்தைதான் வரும். முன்பின் தெரியாத கேமராமேன் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுத் திருப்புவது இன்னும் மோசம். தொடவே தொடாதீர்கள். எப்படி நிற்கவேண்டும் என்பதை நீங்களே நின்று காட்டுங்கள்.

நம் சடங்குகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. மாலை மாற்றும்போது மாமன்மார் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நலங்கில் அப்பளத்தைத் தலைக்கு மேல் சுற்றி உடைப்பார்கள். குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு இருவரையும் கைவிட்டுத் தேடச் சொல்வார்கள். முன்னே பின்னே பழகாத இரண்டு பேர் எல்லோர் முன்னிலையிலும் சிரிக்கவும், கையைத் தொடவும் ஏற்பாடு செய்து வைத்த விளையாட்டுகள் இவை. குடத்துக்குள் இரண்டு கைகள் மோதும்போது முதலில் பெண் சட்டென்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். அது ஒரு நொடிகூட இருக்காது. மோதிரத்தை எடுத்து உயர்த்திக் காட்டுகிற படம் எல்லா ஆல்பத்திலும் இருக்கும். நான் அதற்கு முந்தைய அந்தப் பார்வைக்காகக் குடத்தை விட்டுவிட்டு முகத்திலேயே ஃபோகஸ் வைத்திருப்பேன்.

நேரமின்மையால் சடங்குகளை வெட்டுகிறார்கள். ஆனால் ரிசப்ஷன் மேடையில் வரிசையாக நின்று எடுக்கும் படங்களுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குகிறார்கள். நலங்குக்கு ஒரு இருபது நிமிடம் கொடுங்கள் என்று பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பேன்.

தாலி கட்டும் நேரத்தில் எல்லாக் கேமராக்களும் தாலியைப் பார்த்துத்தான் இருக்கும். கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது. அந்தச் சமயம் பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று பாருங்கள். தன்னை யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பே அவருக்கு அப்போது இருக்காது. இரண்டாவது ஆள் இருந்தால் அவருக்கு அந்த ஒரே வேலையைக் கொடுங்கள்.

வீடியோ விளக்கை மணமக்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்த இயல்பும் வராது. ஹோமப் புகை வேறு. விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் ஏற்றி வைக்கும்படி வீடியோக்காரரிடம் காலையிலேயே பேசிவிடுங்கள்.

வெளிச்சத்துக்கும் முகபாவத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. நம் ஊர் மத்தியான வெயிலில் நிற்கவைத்தால் யாராக இருந்தாலும் கண்ணைச் சுருக்கி, புருவத்தை நெரித்துத்தான் நிற்பார். அது கோபம் மாதிரி விழும். வெயில் படாத, ஆனால் வெளிச்சம் திறந்து வருகிற இடம் வேண்டும். திண்ணை, வாசல் நிலைப்படிக்கு உள்பக்கம், போர்டிகோ, அடர்ந்த மரநிழல். ஆளை வெளிச்சம் வரும் பக்கம் பார்க்கவைத்தால் கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கண் உயிரில்லாமல் இருக்கும். கீழே இருந்து கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். சினிமாக்காரர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எந்த லென்ஸ் நல்லது? போனிலேயே எடுக்கலாமா?

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கு 85 எம்.எம்., கிராப் சென்சார் (அதைவிடச் சிறிய சென்சார்) கேமராவுக்கு 50 எம்.எம். போதும். ஆளிடமிருந்து ஓரளவு தள்ளி நிற்கலாம், அதேசமயம் கத்தாமல் பேசவும் முடியும். 200 எம்.எம். வைத்துத் தூரத்தில் நின்றால் பேச்சு அறுந்துபோகும். பேச்சு இல்லாமல் முகம் இல்லை.

போனில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். கிட்டே போகப் போக மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். நாலைந்து அடி தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். போனில் ஒரு பெரிய வசதி, உங்கள் முகம் மறைவதில்லை. நீங்கள் சிரித்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியும், அவரும் சிரிப்பார். கேமராவில் எடுக்கும்போதும் சிலசமயம் அதை டிரைபாடில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே ரிமோட்டில் எடுத்துப் பாருங்கள்.

எல்லாப் படத்திலும் கண் மூடியே இருக்கிறது.

கண்ணை மூடச் சொல்லுங்கள். மூன்று எண்ணியதும் மெதுவாகத் திறக்கட்டும், திறந்தவுடன் எடுங்கள். மனிதர்கள் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை சாதாரணமாகக் கண் சிமிட்டுகிறோம், ஃப்ளாஷ் பழக்கமில்லாதவர் அதற்கு மேலும். ஃப்ளாஷைச் சுவர்ப்பக்கமோ கூரைப்பக்கமோ திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

முப்பது பேர் உள்ள குடும்பப் படத்தில் எல்லோரையும் எப்படி இயல்பாக வைத்திருப்பது?

முப்பது முகமும் ஒரே நொடியில் நன்றாக இருப்பது அபூர்வம். அதை எதிர்பார்க்காமல், சீக்கிரம் முடிப்பதில் கவனம் வையுங்கள். நாற்காலியில் யார், பின்னால் யார் என்பதை முதலிலேயே வீட்டில் ஒரு பெரியவரிடம் விட்டுவிடுங்கள். பெரியப்பாவை விட்டுச் சித்தப்பாவை நடுவில் உட்காரவைத்துவிட்டால் அந்த மனத்தாங்கல் நாலு முகத்திலாவது தெரியும், அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. வரிசைகள் எல்லாம் தெளிவாக விழ லென்ஸ் திறப்பை (அப்பர்ச்சர்) எஃப் 8-இல் வையுங்கள்.

முதலில் எல்லோரும் நேராகப் பார்க்கும் படத்தை ஐந்தாறு முறை தொடர்ந்து எடுத்துவிட்டு, "சரி, முடிஞ்சது" என்று உரக்கச் சொல்லுங்கள். கேமராவை மட்டும் இறக்காதீர்கள். மூச்சு விடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் புடவையைப் பற்றி ஏதோ சொல்வார், பின்வரிசைப் பையன் முன்னால் இருப்பவன் தலையில் தட்டுவான். குடும்பம் குடும்பமாகத் தெரிவது அப்போதுதான். இந்த இரண்டாவது படத்தை வீட்டில் மாட்டி வைத்திருப்பவர்கள் என் வாடிக்கையாளர்களில் நிறைய பேர்.

"எனக்கு போட்டோவே விழாது" என்பவரை என்ன செய்வது?

அது வீண் பிகு இல்லை, காரணம் இருக்கிறது. தன் முகத்தை ஒருவர் தினமும் பார்ப்பது கண்ணாடியில். அதில் இடம் வலம் மாறித்தான் தெரியும். படத்தில் மற்றவர்கள் பார்க்கிற மாதிரி விழுகிறது, வகிடும் மச்சமும் பக்கம் மாறி நிற்கும். 1977-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஒருவருடைய படத்தை நேராகவும் இடம் வலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டினார்கள். படத்தில் இருப்பவர்களுக்குப் பிடித்தது பெரும்பாலும் மாற்றிய படம், அவர்களுடைய நண்பர்களுக்குப் பிடித்தது நேரான படம். இதைச் சொன்னாலே பலருக்கு ஒரு ஆறுதல் வருகிறது.

முதல் பத்துப் படங்களை அவரிடம் காட்டாதீர்கள். நல்லதாக ஒன்று விழுந்ததும் அதை மட்டும் காட்டுங்கள். அதன் பிறகு அவர் நிற்கும் விதமே மாறும். "கன்னம் குண்டா இருக்கு", "தலையை நேரா வைங்க" என்று குறைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் மனதில் குறைகள் மட்டும்தான் இருக்கும். திருத்தவேண்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அவரைத் திருத்தாதீர்கள்.

கையை என்ன செய்வது என்று கேட்கிறார்களே?

ஏதாவது ஒன்றைக் கையில் கொடுங்கள். காபி டம்ளர், சாவி, குழந்தையின் விரல், துண்டு, எதுவாக இருந்தாலும் சரி.

சீண்டிவிட்டு உண்மையான முகத்தை வரவைக்கலாமா?

1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவா நகரில், நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலை யூசுஃப் கார்ஷ் என்ற புகைப்படக்காரர் படம் எடுத்தார். சர்ச்சில் வாயில் சுருட்டு. கார்ஷ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை எடுத்துவிட, சர்ச்சில் முறைத்த முறைப்பு போர்க்கால பிரிட்டனின் முகமாகவே உலகமெங்கும் பரவியது. அடுத்த படத்துக்குச் சர்ச்சில் சிரித்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நான் இதைச் செய்வதில்லை, செய்யும்படி யாரிடமும் சொல்வதும் இல்லை. நாட்டின் பிரதமரிடம் இருந்த பலம் நம் முன்னால் உட்காருகிற சாதாரண ஆளிடம் இல்லை. அவர் நம்பி வந்திருக்கிறார். சீண்டி எடுத்த முகம் உண்மையானதாக இருக்கலாம், ஆனால் அது நமக்குக் காட்டும் கோபம், அவருடைய வாழ்க்கை அதில் இல்லை.

தெரியாமல் எடுத்தால்தானே இயல்பாக இருக்கும்?

அந்த நொடிக்கு இயல்பாக இருக்கும். பிரான்ஸின் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் விஞ்ஞானித் தம்பதி ஜோலியோ-கியூரியை எடுக்கப் போனபோது, கதவு திறந்ததுமே படத்தை எடுத்துவிட்டு அப்புறம்தான் வணக்கம் சொன்னாராம். ஆனால் அவர் நேரில் போய் நின்றுதான் எடுத்தார், ஒளிந்து நின்று எடுக்கவில்லை.

சந்தையில் கீரை விற்கும் அம்மாவைத் தூரத்தில் ஒளிந்து நின்று எடுத்து, அவருக்கே தெரியாமல் இன்ஸ்டாகிராமில் போடுவது வேறு விஷயம். அது எனக்குச் சம்மதமில்லை. முதலில் போய்ப் பேசுங்கள், ஒரு கட்டுக் கீரை வாங்குங்கள், "ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேளுங்கள். சரி என்றால் விறைத்து நிற்பார், அதையும் எடுங்கள். அப்புறம் அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அடுத்த வாடிக்கையாளர் வந்து பேரம் பேச ஆரம்பித்ததும் உங்களை மறந்துவிடுவார். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எடுத்தால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை அந்தத் தெருவே உங்களைக் கூப்பிடும்.

ஆபீஸ் புரொஃபைல் படம், பாஸ்போர்ட் படம்?

பாஸ்போர்ட், விசா படங்களுக்குச் சாதாரண முகமே கேட்கிறார்கள். இழுத்து மூச்சு வாங்கி, மெதுவாக விடச் சொல்லி, விட்டு முடித்ததும் எடுங்கள். அந்த விறைப்பு போய்விடும். ஆபீஸ் படத்துக்கு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, "இப்ப என்னைப் பாருங்க" என்று கூப்பிடுங்கள். திரும்பிய உடனே இருக்கும் பார்வையில் ஒரு தெளிவு இருக்கும்.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது?

அவரோடு வாழ்கிற ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். மனைவியோ, அம்மாவோ, கூடவே சுற்றும் நண்பரோ. நமக்கு வெளிச்சமும் ஃபோகஸும் கண்ணில் படும். அவர்கள் ஒரு படத்தைக் காட்டி, "இதுதான் அவர்" என்பார்கள். பெரும்பாலும் அது நாம் ஒதுக்கி வைத்த படமாக இருக்கும். அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது, அதைத்தான் பிரிண்ட் போடுவேன்.

முகத்தை எவ்வளவு டச்சப் செய்யலாம்?

நாளைக்குப் போய்விடக்கூடிய பருவை எடுத்துவிடுங்கள். மச்சம், தழும்பு, அம்மைத் தழும்பு எல்லாம் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். நிறத்தை வெளுப்பாக்கவே ஆக்காதீர்கள். வாடிக்கையாளரே கேட்டாலும் நான் ஒருமுறை பேசிப் பார்ப்பேன், மாநிறத்தை மாநிறமாகவே அழகாக எடுத்துக் காட்டுவது நம் வேலை. முக்கியமாக, கண் ஓரத்துச் சுருக்கங்களை ஆப் வைத்து வழித்துவிடாதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன கண் தசை சுருங்கும்போது விழுகிற கோடுகள்தான் அவை. அவற்றை அழித்தால் சிரிப்பு மறுபடியும் வாய்க்கு மட்டும் போய்விடும்.